பஞ்சநதம் போட்ட மரப்பாதை

ஆலவிளாகத்தில் பஞ்சநதத்தைப் பிடிக்காது என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒரு மனிதரைப் பிடிக்காமல் போக வேண்டுமானால் அதற்கு அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். பஞ்சநதம் நாற்பத்தெட்டு வயது வரை அப்படி எதையும் செய்யாமல் மிகக் கவனமாக வாழ்ந்துவிட்டார்.

அது தஞ்சாவூர் ஜில்லாவே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்ற காலம். கோட்டையில் உதயசூரியன் ஆட்சி. நிலம் உழுகிறவனுக்கா, பத்திரம் வைத்திருக்கிறவனுக்கா என்று ஊருக்கு ஊர் வாய்ச்சண்டை. சில ஊர்களில் வாயோடு நிற்காத சண்டை. ஆலவிளாகத்தில் விவசாயிகள் சங்கத்துக்கு மருதையன் தலைவர். எதிர்ப்பக்கத்துக்கு மிராசுதார் தியாகேசனே தலைவர், தொண்டர், எல்லாம். மருதையன் அரசமரத்தடியில் கூட்டம் போட்டால் பஞ்சநதம் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். மறுநாள் காலை தியாகேசன் தம் வீட்டு வாசலில் நின்று சங்கத்துக்காரர்களைத் திட்டும்போது, அங்கேயும் போய் நின்று அதே தலையை ஆட்டுவார். இதை இரட்டை வேஷம் என்று யாரும் சொன்னதில்லை. இரண்டு பக்கமும் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்பின. தாம் யாருடைய ஆள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது.

அவர் வீடு இருந்த இடமும் அந்த மாதிரிதான். சாலையோரம் தியாகேசனின் தென்னந்தோப்பு. அதன் பின்மூலையில், வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு கூரை வீடு. பஞ்சநதத்தின் அப்பா தோப்புக் காவலுக்கு வந்தபோது போட்டது. காவல் வேலை அப்பாவோடு போயிற்று. பிள்ளைக்கு ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. வீடு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. சாலையிலிருந்து வீட்டுக்குப் போக நூற்றுப்பத்து அடி தோப்புக்குள் நடக்க வேண்டும். சித்திரையில் அது சுகமான நடை. ஐப்பசி பிறந்துவிட்டால் முழங்கால் வரை சேறு.

எழுபத்தொன்றாம் வருஷம் குடியிருப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. விவசாயத்தில் பிழைக்கிறவர்கள் யார் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்தாலும், அந்த மனை இனி அவர்களுக்கே சொந்தம் என்றது சட்டம். ஊரில் எல்லாரும் மனு எழுதிக்கொண்டு ஓடினார்கள். பஞ்சநதம் ஓடவில்லை. "மனு குடுத்தா ஐயா மனசு வருத்தப்படும்" என்றார். அதைக் கேட்டு அவர் மனைவி மங்களாம்பிகை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழம்பை ஊற்றினாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. அதையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் சாப்பிட்டார்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை, புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் வந்த மங்களாம்பிகை வழுக்கி விழுந்தாள். விழுந்த இடத்தில் தியாகேசன் புதிதாக வைத்திருந்த தென்னங்கன்றுகள். கால் ஒரு பக்கம் மடங்கி, எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. தோப்பைப் பார்க்கக் குடையோடு வந்திருந்த தியாகேசன் பத்தடி தூரத்தில்தான் நின்றார்.

"பாத்து வரக் கூடாதா? ரெண்டு கன்னு போச்சே!" என்றார்.

கூச்சல் கேட்டு வீட்டிலிருந்து பஞ்சநதம் ஓடிவந்தார். சேற்றில் மனைவி கிடக்கிறாள். எதிரில் மிராசுதார் நிற்கிறார். இந்த இடத்தைச் சொல்லும்போதுதான் பஞ்சநதம் மேல் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவர் முதலில் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையையும் குவித்தார்.

"தப்பு நடந்து போச்சுங்க. மன்னிச்சுக்கங்க. வேற கன்னு வச்சுக் குடுத்துடறேங்க" என்றார்.

அதற்கப்புறம்தான் குனிந்து மனைவியைத் தூக்கினார். வலியில் கத்திக்கொண்டிருந்தவள், அந்தக் கும்பிடைப் பார்த்த பிறகு கத்தவில்லை. சீர்காழியிலிருந்து அவள் தம்பி வந்து காரில் அழைத்துப் போகும் வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வலி அதிகம்போல என்று பஞ்சநதம் நினைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் ஆயிற்று. திருவிடைமருதூரில் மரவாடி வைத்திருந்த மூஸா, பஞ்சநதத்தோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். மரம் ஏற்ற வாரம் ஒரு முறை சீர்காழி போவார். அவர்தான் சேதி கொண்டுவந்தார். கட்டுப் பிரித்தாயிற்று, கோலூன்றி நடக்கிறாள், ஆனால் வரமாட்டேன் என்கிறாள்.

"ஏன் பாய்?"

"அந்தச் சேத்துல இனிமே காலு வைக்க மாட்டேங்குது தங்கச்சி. வேற ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

பஞ்சநதத்துக்கு நிம்மதியாக இருந்தது. சேறுதானே விஷயம்! சேற்றுக்கு வழி செய்தால் அவள் வந்துவிடுவாள். தம்மையும் விஷயத்தில் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் சேறு தியாகேசனுடைய சேறு. அதில் கை வைக்க அவரைக் கேட்க வேண்டும். பஞ்சநதம் மூன்று காலை தொடர்ந்து பெரிய வீட்டு வாசலில் போய் நின்று, மழையைப் பற்றியும் நாற்றைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினார். நான்காம் நாள் தியாகேசனே பொறுமை இழந்தார்.

"என்ன பஞ்சநதம், நாலு நாளா வந்து மழையப் பத்தியே பேசிட்டுப் போறே. என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. வீட்டுக்குப் போற வழியில... காலு வைக்க... கொஞ்சம் கெட்டியா..."

தியாகேசன் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "செங்கல்லா?"

"இல்லைங்க, ஐயா என்ன சொல்றீங்களோ..."

"செங்கல், கருங்கல், சிமிட்டி, செம்மண்ணு எதுவும் என் தோப்புல விழக் கூடாது. இன்னைக்கு நீ நாலு செங்கல் வைப்பே. நாளைக்கு அந்த மருதையன் வந்து, இது இருபது வருஷமா இருக்குன்னு தாசில்தார் முன்னால சத்தியம் பண்ணுவான்."

பஞ்சநதம் தலையாட்டினார். அந்த ஆட்டத்தைப் பார்த்துத் தியாகேசனுக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"வேணும்னா மரத்துல போட்டுக்க. போன புயல்ல விழுந்த தென்னை ஏழெட்டு கெடக்குல்ல, அதை எடுத்துக்க. மரம்னா நாலு மழையில மக்கிப் போயிடும். மக்கிப் போறதை வச்சு யாரும் பாத்தியதை கொண்டாட முடியாது."

இப்படியாக, சட்டத்துக்கும் சேற்றுக்கும் நடுவில், ஆலவிளாகத்தில் முதல் மரப்பாதைக்கு உத்தரவு கிடைத்தது.

பஞ்சநதம் ரம்பத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனார். காய்ந்து கிடந்த தென்னை மரங்களைத் தோசைக்கல் அகலத்துக்கு வட்டம் வட்டமாக அறுத்தார். ஒரு வாரம் அறுத்தார். அறுபது துண்டு தேறின. வீட்டு வாசலிலிருந்து சாலை வரை ஒரு எட்டுக்கு ஒரு துண்டாகச் சேற்றில் பதித்தார். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் துண்டுக்குத் துண்டு தாவி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "பேஷ்!" என்றார்கள். மருதையனும் நடந்து பார்த்தார். தியாகேசன் நடக்கவில்லை, குடை நுனியால் ஒரு துண்டைக் குத்திப் பார்த்து, அது கல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போனார்.

கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் அடைமழை. வாய்க்கால் நிறைந்து தோப்புக்குள் தண்ணீர் ஏறியது. காய்ந்த தென்னைத் துண்டு தண்ணீரைக் கண்டால் என்ன செய்யும்? மிதந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அறுபதும் கிளம்பி, சாமி ஊர்வலம் போல வரிசை கலையாமல் வாய்க்காலுக்குள் இறங்கின. பஞ்சநதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோடு ஓடினார்.

"என்ன அண்ணே, யாரைத் துரத்துறீங்க?" என்று எதிர்க்கரையிலிருந்து மருதையன் கேட்டார்.

"பாதையை!" என்று கத்திக்கொண்டே ஓடினார் பஞ்சநதம்.

நாற்பத்திரண்டு துண்டுகள் திரும்பக் கிடைத்தன. மற்றவை காவிரியில் சேர்ந்து பூம்புகார் வரை போய்க் கடலைப் பார்த்திருக்கும்.

செய்தி கேட்டு மூஸா வந்தார். வந்தவர் முதலில் ஒரு பாட்டம் சிரித்தார். பிறகு தம் மரவாடியிலிருந்து இரண்டு அறுவைக்காரர்களை அழைத்துவந்து, மிச்சமிருந்த தென்னை மரங்களை இரண்டடி நீளத்தில் வெட்டி, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து கொடுத்தார்.

"தட்டையான பக்கம் மேல இருக்கணும். நெருக்கமா குறுக்கால அடுக்கு. ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணரை அடிக்கு ஒரு முளை அடிச்சு இறுக்கிடு. அப்புறம் காவிரியே வந்தாலும் அசையாது. முளைக்கு மட்டும் காய்ஞ்ச கட்டையா பாத்துக்க. பட்டையை உரிச்சு, நுனியை நெருப்புல கருக்கி அடி. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பாய்."

தெரிந்ததென்னவோ உண்மைதான். ஆனால் அடைமழைக் கார்த்திகையில் காய்ந்த கட்டைக்கு எங்கே போவது? அடுப்புக்கே ஈர விறகு. வாய்க்கால் கரையில் பூவரசு மரங்களைக் கழித்துப் போட்டிருந்தார்கள். கை பருமனில் பச்சைக் கிளைகள், எடுப்பார் இல்லாமல் குவிந்து கிடந்தன. பஞ்சநதம் அவற்றைத் தூக்கி வந்தார். இரண்டடி இரண்டடியாக வெட்டினார். உரிக்க வந்த பட்டை கையோடு பிசுபிசுவென்று ஒட்டியதால் அதை அப்படியே விட்டார். நெருப்பு பற்றவில்லை, கருக்குவதையும் விட்டார். முளைகளுக்கென்று கணக்குப் போட்டால் இரு பக்கமும் சேர்த்து நூற்று நாற்பத்தாறு வந்தன.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் பூவரசங்கிளையைக் கையில் எடுத்தால் கை ஒரு வேலையைத்தான் செய்யும். வேலிக்குப் போத்து நடும். அடி எது, நுனி எது என்று பார்த்து, அடிப்பக்கத்தைச் சரிவாகச் சீவி, கடப்பாரையால் குழி போட்டு இறக்கி, மண்ணை மிதித்து, வெட்டுப்பட்ட தலையில் காய்ந்துவிடாமல் ஒரு சாணி உருண்டையை வைத்து அமுக்கும். முப்பது வருஷம் ஊரார் வேலிக்கெல்லாம் போத்து நட்ட கை பஞ்சநதத்தின் கை. மனம் பாதை போட்டுக்கொண்டிருந்தது. சீர்காழியிலிருந்து மங்களம் வரும்போது எந்தக் கட்டையில் முதல் காலை வைப்பாள், எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தது. கை அதன் பாட்டுக்கு நூற்று நாற்பத்தாறு முளைக்கும் அழகாகச் சாணி வைத்து முடித்தது.

மார்கழி பத்தாம் தேதி பாதை முடிந்தது. மறுநாள் பெய்த மழையில் ஒரு கட்டையும் அசையவில்லை. கால் கழுவாமல் வீட்டுக்குள் போகலாம். பஞ்சநதம் வேலை இல்லாதபோதும் சாலைக்கும் வீட்டுக்கும் நடந்தார். மூஸா சீர்காழிக்குச் சேதி கொண்டுபோனார். பதிலும் கொண்டுவந்தார்.

"என்ன சொல்லிச்சு?"

மூஸா தலையைச் சொறிந்தார். "பாதை போட்டாச்சா, நல்லது, வயசான காலத்துல அவருக்கு நடக்க உதவும்னுச்சு."

"வர்றேன்னு சொல்லலையா?"

"சொல்லலை. அங்க ஒரு கன்னுக்குட்டி வாங்கி வளக்குது."

பஞ்சநதம் விரல்விட்டு எண்ணினார். இன்று வாங்கிய கன்று வளர்ந்து, ஈன்று, கறவைக்கு வர மூன்று வருஷம் ஆகும். மூன்று வருஷத்துக்குள் திரும்பி வர நினைக்கிறவள் கன்று வாங்குவாளா? பாதையில் என்ன குறை என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகமோ என்று தென்னை நாரைத் திரித்து அடைத்தார். பொங்கலுக்கு அவரே பொங்கினார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோயிற்று. பக்கத்தில் நின்று திட்ட ஆள் இல்லாததால் அழுகை வந்தது. அழுதார்.

தை முடிந்து வெயில் ஏறியதும் முளைகள் துளிர்த்தன.

முதலில் ஒரு முளையில்தான் பார்த்தார். பட்டையைக் கீறிக்கொண்டு வெளிர்ப்பச்சையில் ஒரு மொட்டு. ஐயோ என்று நகத்தால் கிள்ளிப் போட்டார். மறுநாள் எட்டு முளைகளில். கிள்ளினார். ஐயா பார்த்தால் வேலி போட்டதாகவல்லவா நினைப்பார்! அதன்பிறகு தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே குந்தி உட்கார்ந்து, பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு முளையாகக் கிள்ளிக்கொண்டு போவது அவருக்கு ஒரு வேலையாயிற்று. பூவரசைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஒன்றைக் கிள்ளினால் மூன்று வெடிக்கும். ஆனால் தெரிந்ததைப் பயத்தில் மறந்துவிடுகிற மனிதர் அவர். மாசி நடுவில் கையளவு இலைகளோடு இரண்டு வரிசை பூவரசு, சாலையிலிருந்து அவர் வீடு வரை காற்றில் அசைந்துகொண்டிருந்தது. கிள்ளக் கிள்ள அது அடர்த்தியாகத்தான் வந்தது.

"தலைகீழா நட்டிருந்தா துளிர்க்காதே!" என்றார் மூஸா. "இத்தனை முளையில ஒண்ணைக்கூடவா நீ தப்பா நடலை?"

அந்தச் சமயம் பார்த்துத்தான் குடியிருப்பு மனைகளை நேரில் பார்த்து எழுத ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தது. பஞ்சநதம் மனுக் கொடுக்கவில்லைதான். ஆனால் மருதையன், யாரையும் விட்டுவிடக் கூடாது என்று, ஊரிலுள்ள அத்தனை கூரை வீட்டுக்கும் சேர்த்து மனு எழுதி, பஞ்சநதத்திடமும் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார். எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை என்று பஞ்சநதமும் கேட்காமல் வைத்துவிட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் காலை எட்டு மணிக்கே தியாகேசன் குடையோடு தோப்புக்குள் நுழைந்தார். இரண்டு வரிசை இலைகளைப் பார்த்தார். குனிந்து, ஒரு முளையின் தலையில் காய்ந்து கிடந்த சாணி உருண்டையை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"சாணி!" என்றார். "பாதைக்கு முளை அடிக்கிறவன் சாணி உருண்டை வைப்பானாடா? மரம் மக்கிப் போயிடும்னு நான் சொல்ல, நீ சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு என் தோப்புக்குள்ள வேலி வளத்திருக்கியே! உன்னையெல்லாம் ஒரு அப்பாவின்னு நெனச்சேன்."

"இல்லைங்க ஐயா, கை பழக்கத்துல..."

"கை பழக்கமாம்!"

இதற்குள் சாலையில் போன மருதையன் சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார். அவரும் சாணி உருண்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சம்.

"அடேயப்பா! அண்ணே, நாங்க ஊர் ஊரா கொடி புடிச்சு செய்யாததை நீங்க வாயே தொறக்காம செஞ்சு முடிச்சிட்டீங்களே! இவ்வளவு யோசனையா உங்களுக்குள்ள?"

பஞ்சநதம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் தம்மைத் திருடன் என்கிறார், ஒருவர் வீரன் என்கிறார். இரண்டுக்கும் தமக்குத் தகுதி இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்பதாக இல்லை.

"இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள இத்தனையையும் பிடுங்கு" என்றார் தியாகேசன். "என் கண்ணு முன்னால பிடுங்கு."

பஞ்சநதம் துண்டை இடுப்பில் கட்டினார். குனிந்தார். முதல் முளையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது வேர்விட்டிருந்தது; வரவில்லை. முளை போனால் கட்டை உருளும், கட்டை உருண்டால் பாதை போகும் என்று அவர் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடியது. தலையை உயர்த்தாமலே கேட்டார்.

"பிடுங்கிட்டா பாதை நிக்காதுங்க. எங்க வீட்டுல அது வந்தா கோலூன்றித்தாங்க நடக்கணும்."

"வந்தா வரட்டும். சேறு என்ன அவளுக்குப் புதுசா? அன்னைக்கு மாதிரி விழுந்து என் கன்னை ஒடிக்காம இருந்தாச் சரி."

பஞ்சநதத்தின் கை முளையிலேயே நின்றது. இத்தனை மாதமாக இல்லாத ஒன்று அப்போது அவர் கண் முன்னால் வந்தது. சேற்றில் கிடந்த மங்களத்தின் முகம். அவள் தம்மைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கும்பிட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தாம் அவளைப் பார்க்கவே இல்லை. வெட்கத்தில் உடம்பு கூசியது. அவள் வராமல் இருப்பது எதனால் என்பது அந்த மாசி வெயிலில், ஒரு பூவரசம் முளையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது, அவருக்குப் புரிந்தது.

நிமிர்ந்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு அதைத் தோளில் போட்டார்.

"பிடுங்க மாட்டேங்க" என்றார்.

மறுப்பில்கூட மரியாதை விட்டுப்போகவில்லை. ஆனால் மறுப்புதான். தியாகேசன் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை எதிர்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

"என்னடா சொன்னே?"

"மாட்டேங்க. அது விழுந்து கெடந்தப்ப உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதுக்கு நான் வெக்கப்படறேன். இந்தப் பாதை அது நடந்து வர்ற வழி. மாட்டேங்க."

"விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!" என்று மருதையன் கையை உயர்த்தினார். "அண்ணே, இப்பவே போய்க் கொடியைக் கொண்டாந்து இந்தப் பாதை முனையில நட்டுடறேன்!"

"அதுவும் வேணாங்க" என்றார் பஞ்சநதம். "கொடியெல்லாம் வேணாம். இன்னும் ஏதாவது நட்டா அதுவும் மொளைச்சிடும்."

ஒரே காலையில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மறுப்பு. பத்து மணிக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கணக்குப்பிள்ளை சங்கிலி பிடிக்க, வீட்டை அளந்தார், பாதையில் நடந்து பார்த்தார். சாலையிலிருந்து வீடு வரை மரப்பாதை, இரு பக்கமும் உயிர்வேலி, மனுதாரர் அனுபவத்தில் உள்ளது என்று எழுதிக்கொண்டார். தியாகேசன் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டு, வேகமாக வீட்டுக்குப் போனார். அன்று மத்தியானமே பஞ்சநதத்துக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தம் தைரியம் தமக்கே ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். மிராசுதார் வீட்டிலிருந்து ஆள் வருமோ என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

நான்காம் நாள் பத்தரை மணிக்கு மர லாரி ஒன்று சாலையில் நின்று போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைமேல் கோல் ஊன்றும் ஓசை. பஞ்சநதம் போர்வையை உதறிவிட்டு வாசலுக்கு வந்தார்.

இரண்டு வரிசைப் பூவரசு இலைகளுக்கு நடுவில் மங்களாம்பிகை வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் கோல். இன்னொரு கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் கன்றுக்குட்டி, போகிற போக்கில் ஒவ்வொரு முளையிலும் ஒரு இலையைக் கடித்துக்கொண்டே வந்தது. பஞ்சநதம் ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார்.

"விடுங்க. நானே வர்றேன்."

விட்டார். அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தார். எந்தக் கட்டையில் அவள் நிற்பாள் என்று அவர் நினைத்திருந்தாரோ அங்கெல்லாம் அவள் நிற்கவில்லை. வாசலுக்கு வந்துதான் நின்றாள்.

"கால்ல சேறு படலையே மங்களம்?" என்று கேட்டார். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சேறா?" என்றாள் அவள். "பத்து வயசுலேருந்து நாத்து நட்ட காலு இது. சேத்துக்குப் பயந்துகிட்டா நாலு மாசம் தம்பி வீட்டுல கெடந்தேன்?"

அவர் கன்றின் நெற்றியைத் தடவினார்.

"மூஸா பாய் நேத்து வந்து சொன்னாரு. நான் நம்பலை. இன்னொரு தடவை சொல்லுங்க பாய்னு மூணு தடவை கேட்டேன். அவருக்கே சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு." கன்றின் கயிற்றைத் தூணில் கட்டினாள். "ஐயா மனசு வருத்தப்பட்டிருக்குமே?"

"பட்டிருக்கும்" என்றார் பஞ்சநதம். "அன்னைக்கு நான் முதல்ல உன்னைத்தான் தூக்கியிருக்கணும் மங்களம்."

மங்களாம்பிகை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, தாடி வளர்ந்திருந்தது. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பி, வாசற்படியைக் கோலால் தட்டிக் காட்டினாள்.

"படி ஒசரமா இருக்கு. காலு இன்னும் சரியா மடங்க மாட்டேங்குது. இப்பத் தூக்குங்க" என்றாள்.

பஞ்சநதம் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.